அம்மாவின் எம்.சி.ஆர். செருப்பும் ஒரு மருத்துவக் கல்லூரியின் கடமையும்

கடந்த கார்த்திகையில் அம்மாவின் வலது பாதத்தில் ஒரு கருவேல முள் ஏறியது. ரப்பர் செருப்பின் அடியைத் துளைத்துக்கொண்டு மேலே வந்திருந்த அந்த முள்ளோடு அவர் காலையில் ரேஷன் கடைக்குப் போய், வரிசையில் நின்று அரிசி வாங்கித் திரும்பி, மாலையில் வாசல் பெருக்கி, இரவு படுக்கும்வரை நடந்திருக்கிறார். வலிக்கிறது என்று ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. பாயில் இரத்தக் கறையைப் பார்த்த பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது. இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் சர்க்கரை நோயோடு வாழ்பவரின் பாதத்தில் உணர்ச்சி எப்போதோ போய்விட்டிருக்கிறது. அது போனதை அவரும் அறியவில்லை, நாங்களும் அறியவில்லை.

கட்டைவிரலுக்குக் கீழே இருந்த அந்தப் புண் இரண்டு மாதமாகியும் ஆறவில்லை. முதலில் போன தனியார் மருத்துவமனையில் விரலை எடுத்துவிடுவதே நல்லது என்றார்கள். மனம் ஒப்பாமல், மாவட்டத் தலைநகரில் உள்ள மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். அங்கே நடந்ததைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் இந்தப் பதிவை எழுதத் தூண்டியதே அதுதான்.

இருபத்து மூன்று வயதுகூட ஆகியிராத ஒரு பயிற்சி மருத்துவர், பிரஷ் முடியைப் போன்ற ஒரு நைலான் இழையை எடுத்து, அம்மாவைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, பாதத்தில் பத்து இடங்களில் ஒவ்வொன்றாகத் தொட்டார். இழை வளையும் அளவுக்கு மட்டும் அழுத்த வேண்டும். அந்த அழுத்தம் 10 கிராம். தொடும்போது "ம்" என்று சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு. அம்மா நான்கு முறைதான் "ம்" என்றார். பிறகு இணைப் பேராசிரியர் வந்தார். அவர் புண்ணைப் பார்ப்பதற்கு முன்பே மாணவர்களிடம் கேட்ட கேள்வி இது: "புண்ணு ஏன் சரியா இந்த இடத்துல வந்திருக்கு?" மாணவர்கள் சர்க்கரை அளவைச் சொன்னார்கள், இரத்த ஓட்டத்தைச் சொன்னார்கள், கிருமியைச் சொன்னார்கள். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "அம்மா, நீங்க போட்டுட்டு வந்த செருப்பைக் காட்டுங்க" என்றார். செருப்பில் கட்டைவிரலுக்குக் கீழே மட்டும் ரப்பர் குழிந்து தேய்ந்திருந்தது. நமக்குக் கால் வலித்தால் நம்மை அறியாமலே நொண்டி, எடையை வேறு பக்கம் மாற்றிக்கொள்வோம். வலி தெரியாதவர் நொண்டுவதில்லை, ஒரே இடத்தில் ஆயிரம் முறை மிதித்துக்கொண்டே போவார், அந்த இடம் உள்ளேயிருந்து நைந்து உடைந்துவிடும் என்று அவர் மாணவர்களுக்கு விளக்கினார். அந்தப் பாடத்தை அவர்களோடு சேர்ந்து நானும் கேட்டேன். அம்மாவும் கேட்டார். மாணவர்களுக்குப் பாடம் நடக்காத ஓர் இடத்தில் அந்தக் கேள்வியை யாரும் உரக்கக் கேட்டிருக்கத் தேவையே வந்திராது.

காலுக்கு எடை விழாதபடி மாவுக்கட்டுப் போட்டார்கள். அவ்வப்போது பிரித்துப் பார்த்துப் புதிதாகக் கட்டினார்கள். புண் ஆறியது, விரல் காலோடு இருக்கிறது. பிறகு எம்.சி.ஆர். (மைக்ரோசெல்லுலர் ரப்பர்) செருப்பு எழுதிக் கொடுத்தார்கள். கட்டைவிரலால் அழுத்தினால் அமுங்கி மீண்டும் எழும் நுண்துளை ரப்பர் மேலேயும், முள் ஏற முடியாத கெட்டி ரப்பர் கீழேயும் கொண்ட செருப்பு அது. பார்க்க அழகாக இராது. அம்மாவுக்கு முதலில் அதைப் போட்டுக்கொண்டு தெருவில் நடக்கக் கூச்சமாக இருந்தது, காரணம் எங்கள் பக்கத்தில் அந்தச் செருப்பைத் தொழுநோயாளிகளின் செருப்பு என்றுதான் பெரியவர்கள் அறிவார்கள்.

அவர்கள் அறிந்தது சரிதான். அந்தச் செருப்பின் கதை வேலூரில் தொடங்குகிறது, அதை அறிந்தால் கூச்சம் போய்விடும்.

வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி 1900-இல் ஐடா ஸ்கட்டர் என்ற பெண் மருத்துவர் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கிய சிகிச்சை அறையிலிருந்து வளர்ந்தது. 1909-இல் செவிலியர் பள்ளி வந்தது, 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி வந்தது, 1947-இல் ஆண் மாணவர்களும் சேர்க்கப்பட்டார்கள். இந்த வரிசையைக் கொஞ்சம் கவனித்துப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்: மருத்துவர்களை உருவாக்குவதற்கு ஒன்பது ஆண்டுகள் முன்பே செவிலியர்களை உருவாக்கும் பள்ளி வந்துவிட்டது. நோயாளியின் அருகில் அதிக நேரம் இருப்பவர் யார் என்பதை அறிந்தவர்கள் எடுத்த முடிவு அது.

1946-இல் அங்கே அறுவைச் சிகிச்சை நிபுணராக வந்து சேர்ந்தவர் பால் பிராண்ட். அந்தக் காலத்தில் தொழுநோயாளியின் விரல்கள் அழுகி விழுகின்றன, அந்தச் சதை கெட்ட சதை, அதில் கத்தி வைத்தால் ஆறாது என்பதே பொதுவான நம்பிக்கை. செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனைக்குப் போயிருந்தபோது, விரல்கள் மடங்கிப்போன ஒரு நோயாளியோடு கை குலுக்கிய பிராண்ட், அந்தப் பிடியின் வலிமையைக் கண்டு வியந்தார். தசை அப்படியே இருக்கிறது, சில நரம்புகள் மட்டும்தான் செத்திருக்கின்றன என்று அவருக்குப் பட்டது. அப்படியானால் முன்கையில் நன்றாக இருக்கும் ஒரு தசையின் நாணை எடுத்து, செயலிழந்த விரலுக்கு மாற்றிக் கட்டலாம். 1948-இலிருந்து வேலூரில் அந்த அறுவைச் சிகிச்சைகள் நடந்தன. தொழுநோயாளிகளைச் சேர்த்தால் மற்ற நோயாளிகள் ஓடிவிடுவார்கள் என்ற அச்சம் எந்தப் பொது மருத்துவமனைக்கும் இருந்த நாள்களில், வளாகத்தின் ஓரத்தில் 'கை ஆய்வுப் பிரிவு' என்று ஒன்றை நடத்த அந்த நிறுவனம் இடம் கொடுத்தது.

விரல்கள் நிமிர்ந்தன. பல மருத்துவமனைகள் அதோடு வெற்றியை அறிவித்துவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டிருக்கும். ஆனால் நிமிர்ந்த கைகளோடு ஊருக்குப் போனவர்கள் திரும்பி வந்து சொன்ன செய்தி வேறாக இருந்தது. வேலை தருவார் இல்லை. முன்பு மடங்கிய கையை நீட்டினால் பிச்சையாவது கிடைத்தது, இப்போது அதுவும் கிடைக்கவில்லை. அதன் பிறகே 1950-களின் தொடக்கத்தில் வேலூரில் 'நவஜீவ நிலையம்' உருவானது. குடிசைகள் போட்டு, அங்கேயே தங்க வைத்து, தச்சு வேலை கற்றுக்கொடுத்தார்கள்.

நோயாளிகள் கண்ணெதிரே தங்கி வேலை செய்ததால்தான் உண்மை வெளிவந்தது என்பதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். துருப்பிடித்த பூட்டைத் திறக்க முடியாமல் பிராண்ட் தடுமாறியபோது, ஒரு சிறுவன் சாவியை வாங்கித் திருகித் திறந்துவிட்டான். அவன் விரல் எலும்பு தெரியும் அளவுக்கு வெட்டுப்பட்டிருந்தது, அவனுக்கு அது தெரியவே இல்லை. சுத்தியலின் பிடியில் ஒரு பிசிறு, அடுப்பிலிருந்து எடுத்த சூடான பாத்திரம் என்று ஒவ்வொரு காயத்துக்கும் காரணம் கண்டுபிடித்துக் குறித்து வைத்தார்கள். இரவில் தூங்கப் போகும்போது இருந்த விரல் நுனி காலையில் இல்லாமல் போனதற்கு மட்டும் காரணம் புலப்படவில்லை. ஓர் இரவு விழித்திருந்து பார்த்தபோது, தூங்குகிறவரின் உணர்ச்சியற்ற விரலை எலி கடித்துக்கொண்டிருந்தது தெரிந்தது. அன்றிலிருந்து, வீடு திரும்பும் நோயாளியோடு ஒரு பூனையும் அனுப்பி வைக்கப்பட்டது.

ஆராய்ச்சி என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு இப்போது அந்தப் பூனைதான் நினைவுக்கு வருகிறது. நோய் விரலைத் தின்னவில்லை, வலியில்லாமையே விரலை இழக்கச் செய்கிறது என்ற பெரிய உண்மை இப்படிச் சின்னச் சின்னக் காயங்களைத் துரத்திப் போய்த்தான் கிடைத்தது. கையில் கண்ட அந்த உண்மை காலுக்கும் பொருந்தியது. பாதத்தில் அழுத்தம் எங்கே விழுகிறது என்று பார்த்தார்கள். டயர், தோல், மரம், மெழுகு என்று எதை எதையோ வைத்துச் செருப்புச் செய்து பார்த்தார்கள். வேலூரிலும், 1955-இல் திறக்கப்பட்ட கரிகிரி தொழுநோய் ஆராய்ச்சி மையத்திலும் நடந்த அந்த உழைப்பின் பயனாகத்தான் நுண்துளை ரப்பர் செருப்பு பரவலாயிற்று. பிராண்ட் 1966-இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் இருந்த கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனபோது இந்த அறிவும் அவரோடு போனது. தொழுநோய்ப் புண்ணுக்குக் கட்டிய மாவுக்கட்டு அங்கே சர்க்கரை நோயாளிகளின் பாதப் புண்ணுக்குக் கட்டப்பட்டது. யாரும் தொட அஞ்சிய மனிதர்களின் காலிலிருந்து கற்றுக்கொண்ட பாடத்தால்தான் என் அம்மாவின் விரல் தப்பியது. இதை அம்மாவிடம் சொன்னபோது அவர் வெகுநேரம் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு, "அவங்க புண்ணியத்துல நான் நடக்குறேன்" என்றார்.

ஊழியர்களைப் பற்றி எழுதும்போது மேரி வர்கீஸைச் சொல்லாமல் என்னால் கடக்க முடியாது. வேலூரில் பணிபுரிந்த இளம் மருத்துவரான அவர் 1954-இல் ஒரு வாகன விபத்தில் முதுகுத்தண்டில் அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். இரங்கி, ஓய்வூதியம் கொடுத்து வீட்டுக்கு அனுப்புவதே அன்றைய வழக்கமாக இருந்திருக்கும். ஆனால் கை அறுவைச் சிகிச்சையை உட்கார்ந்தபடியே செய்யலாம் என்பதை பிராண்ட் எடுத்துக்காட்டினார். மேரி வர்கீஸ் சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். பின்னர் நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி அந்தத் துறைக்குத் தலைமை ஏற்றார். 1966-இல் வேலூரின் பாகாயம் பகுதியில் மறுவாழ்வு மையம் திறக்கப்பட்டது. தன் ஊழியர் ஒருவருக்கு என்ன நேர்ந்தது என்பதை அந்த நிறுவனம் ஒரு கேள்வியாக எடுத்துக்கொண்டதால், முதுகுத்தண்டு அடிபட்டுப் படுத்துக் கிடந்த முகம் தெரியாத எத்தனையோ பேருக்கு எழுந்து உட்காரும் வழி பிறந்தது. ஊழியர் நலன் என்பதைக் கேன்டீன், விடுப்பு, ஊதியம் என்று மட்டும் பேசுவோர் இதையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

வேலூரில் 1971-இல் சிறுநீரக மாற்று அறுவைச் சிகிச்சை வெற்றிகரமாக நடந்தது நாட்டுக்கே முன்னோடி. அதைப் பலரும் அறிவார்கள். செருப்பை எவரும் அப்படிச் சொல்வதில்லை. ஒரு மருத்துவக் கல்லூரி எத்தனை படுக்கை, எத்தனை முதுநிலை இடம், எத்தனை ஆய்வுக் கட்டுரை, தரவரிசையில் எத்தனையாவது இடம் என்று அளக்கிறோம். நான் அளக்க விரும்புவது ஒன்றே: புண்ணை மூடிய பிறகு அது ஏன் வந்தது என்று கேட்பதற்கு அங்கே யாருக்கு நேரம் இருக்கிறது, யாருக்கு அதிகாரம் இருக்கிறது? முப்பத்தாறு மணி நேரம் தொடர்ந்து பணியில் நிற்கும் பயிற்சி மருத்துவருக்கு அந்த நேரம் இராது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும் இயன்முறை மருத்துவர், நோயாளி திரும்பி வரும்போது அங்கே இருப்பாரா என்பதே ஐயம். நோயாளியைத் தொடர்ந்து பார்க்க முடியாத இடத்தில் அவரிடமிருந்து எதையும் கற்கவும் முடியாது. ஆகவே ஊழியரின் பணிப் பாதுகாப்பை நோயாளியின் உரிமையாகவே நான் பார்க்கிறேன், ஆராய்ச்சியும் அதன் மேல்தான் நிற்கிறது என்று உறுதியாக நம்புகிறேன்.

தமிழ்நாடு அரசு சர்க்கரை நோயாளிகளின் கால்களைக் காக்க 'பாதம் பாதுகாப்போம்' என்ற திட்டத்தைக் கொண்டுவந்திருக்கிறது. தஞ்சாவூரில் தொடங்கிய அந்த முயற்சியை மனதார வரவேற்கிறேன். பரிசோதனைக் கருவிகள் வரும், இழைகள் வரும், மருத்துவர்கள் பயிற்சி பெறுவார்கள். அவற்றோடு ஒவ்வொரு மருத்துவக் கல்லூரியிலும் ஒரு செருப்புப் பட்டறை வேண்டும், அதில் நிரந்தரப் பணியிடத்தில் ஆள் வேண்டும், பயிற்சி மருத்துவர்கள் ஒரு வாரமாவது அந்தப் பட்டறையில் உட்கார வேண்டும் என்று கேட்கிறேன்.

அம்மாவுக்குச் செருப்புச் செய்து தந்தவர் அந்த மருத்துவமனையின் பின்கட்டில், எக்ஸ்ரே அறையைத் தாண்டி, ஒரு சிறிய அறையில் உட்கார்ந்திருக்கிறார். பிரவுன் தாளில் அம்மாவின் பாதத்தை வைத்துப் பென்சிலால் வரைந்தார். புண் இருந்த இடத்தில் ஒரு வட்டம் போட்டு, அந்த இடத்துக்குக் கீழே ரப்பரைச் சற்றே செதுக்கி எடுத்தார். வார் எங்கே உராயும் என்று விரலால் தடவிப் பார்த்தார். புறப்படும்போது, "இது தேஞ்சு பழசானாலும் தூக்கிப் போட்டுடாதீங்கம்மா, அடுத்த முறை வர்றப்ப கொண்டாங்க, எங்க தேயுதுன்னு பாக்கணும்" என்றார். நாலு மாதம் கழித்துப் போனபோது அதை விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்து, வெளி ஓரம் அதிகம் தேய்ந்திருப்பதைக் கண்டு, அம்மா எடையை அந்தப் பக்கம் சாய்க்கத் தொடங்கியிருக்கிறார் என்றும் அங்கே இன்னொரு புண் வரக்கூடும் என்றும் பேராசிரியருக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். பேராசிரியர் அந்தச் சீட்டைப் படித்துவிட்டு அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தார். காய்ப்பு தொடங்கியிருந்தது.

செருப்புச் செய்து தந்த அவருக்கு வருகிற ஆண்டு ஓய்வு. அவர் அருகில் இருந்து அந்த வேலையைக் கற்றுக்கொள்ள இன்றுவரை ஒருவரையும் நியமிக்கவில்லை.