‘பேசிக்’ (Basic) கணிதத்துக்குத் தனிப் பாடத்திட்டம் இல்லை

“பத்தாம் வகுப்பில் பேசிக் கணிதம் எடுத்தால் பாதிப் பாடம்தான் நடத்துவார்கள், பதினொன்றில் கணிதம் கிடைக்கவே கிடைக்காது” என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். இரண்டுமே சரியல்ல.

மத்திய இடைநிலைக் கல்வி வாரியமான சிபிஎஸ்இ, 2020 பொதுத்தேர்விலிருந்து பத்தாம் வகுப்புக் கணிதத்தைச் சற்றுக் கடினமான ஸ்டாண்டர்டு, எளிய பேசிக் என இரண்டாகப் பிரித்தது. பாடநூல் ஒன்று, பாடத்திட்டம் ஒன்று, 20 மதிப்பெண் அகமதிப்பீடும் ஒன்றே. வேறுபடுவது 80 மதிப்பெண் வினாத்தாள் மட்டும். இருபடிச் சமன்பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள்: பேசிக்கில் சமன்பாட்டைக் கொடுத்து மூலங்களைக் கேட்பது மிகுதி, ஸ்டாண்டர்டில் ரயிலின் வேகத்தைச் சொல்லி, சமன்பாட்டை மாணவரே அமைக்க வேண்டிய கணக்குகள் கூடுதலாக வரும்.

பதினொன்றாம் வகுப்பு பற்றிய உங்கள் அச்சத்துக்குக் காரணம் பழைய விதி. பேசிக் எழுதியவர் ஸ்டாண்டர்டு துணைத்தேர்வில் தேறினால்தான் பதினொன்றில் கணிதம் என்பது முதலில் இருந்தது. கொரோனா காலத்தில் வாரியம் அதைத் தளர்த்தி, பிறகும் நீட்டித்தது; மாணவரின் திறனில் பள்ளித் தலைமைக்குத் திருப்தி இருந்தால் போதும். பதினொன்றில் தனிப் பாடமாக உள்ள பயன்பாட்டுக் கணிதத்துக்கோ (Applied Mathematics) முதலிலிருந்தே தடையில்லை. பொறியியல் கனவுள்ள பிள்ளைக்கு ஸ்டாண்டர்டுதான் நல்லது என்பேன். ஆனால் கணக்கென்றாலே நடுங்கும் பிள்ளையை இப்படிப் பயமுறுத்தி அதில் தள்ளுவது கொடுமை. பொதுத்தேர்வு எழுதுவோரின் பெயர்ப்பட்டியலைப் பள்ளி வாரியத்துக்கு அனுப்பும் முன் அந்த ஆண்டின் சுற்றறிக்கையைப் பள்ளியில் கேட்டு வாங்கிப் படியுங்கள்.