அம்பாசடர் ஹெட்லைட்: பெரிய ஃபியூஸ் தீர்வல்ல

“பழைய அம்பாசடருக்கு 100/90 வாட் ஹெச்4 பல்பு போடுங்க, ஃபியூஸ் போனா 30 ஆம்பியர் போட்டுக்கலாம், ரிலே வீண் செலவு” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

ஃபியூஸ் இருப்பது ஒயரைக் காப்பாற்றத்தான். அதைப் பெரிதாக்கினால் அடுத்து எரியப்போவது ஒயரும் ஸ்விட்சும். 60/55 வாட் (ஹை பீமில் 60, லோ பீமில் 55) பல்பு இரண்டும் ஹை பீமில் சுமார் 10 ஆம்பியர் இழுக்கும். 100 வாட் என்றால் 16-17 ஆம்பியர். ரிலே என்பது சின்ன கரண்டால் இயங்கி, பெரிய கரண்டைப் பேட்டரியிலிருந்து நேராக பல்புக்கு விடும் ஸ்விட்ச். அது இல்லாவிட்டால் அவ்வளவும் லைட் ஸ்விட்ச், ஹை-லோ மாற்றும் டிப் ஸ்விட்ச் வழியாகத்தான் போக வேண்டும். பல்பு ஹோல்டரைக் கழற்றிப் பாருங்கள், டெர்மினல் ஓரத்தில் பிளாஸ்டிக் பழுப்பேறி இளகியிருந்தால் காரணம் இந்தச் சூடுதான்.

வெளிச்சம் குறையப் பெரும்பாலும் பல்பு காரணமே இல்லை. வோல்டேஜ் 10 சதவீதம் குறைந்தாலே வெளிச்சம் ஏறக்குறைய 30 சதவீதம் போய்விடும். பல்பு எரியும்போதே பேட்டரியிலும் ஹோல்டரிலும் மீட்டர் வைத்து அளந்து பாருங்கள்; இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் வழியில் ஒயரிலும் ஸ்விட்சிலும் வீணாகும் வோல்டேஜ். பல்பைக் கழற்றிவிட்டு அளந்தால் எல்லாம் சரியாக இருப்பதுபோலத்தான் காட்டும், ஏமாந்துவிடாதீர்கள்.

இதற்குத் தீர்வு லோ பீமுக்கு ஒன்று, ஹைக்கு ஒன்று என இரண்டு ரிலே. ரிலேயின் டெர்மினல்களில் எண் போட்டிருக்கும். பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக 30-க்கு, 87-லிருந்து பல்புக்கு. பழைய ஹெட்லைட் ஒயர் 86-க்கு, 85 எர்த்துக்கு. ஃபியூஸைப் பேட்டரிக்குப் பக்கத்திலேயே வையுங்கள். பல்பின் எர்த்தையும் புது ஒயரில் பாடியில் பெயின்ட் சுரண்டிய இடத்தில் கொடுங்கள், பலர் இதை மட்டும் விட்டுவிடுகிறார்கள். அப்புறம் 60/55 பல்பே போதும்.