போட்டாலக் சுரங்கக் கட்டடங்கள் ஃபினீசியர் கோட்டை அல்ல

கடலோரப் பாறைச் சரிவில் ஒன்றுக்கு மேல் ஒன்றாக நிற்கும் இரண்டு கற்கட்டடங்களின் படத்துடன், வெள்ளீயம் தேடி வந்த ஃபினீசியர்கள் (இன்றைய லெபனான் கடற்கரையைச் சேர்ந்த பண்டைய கடல் வணிகர்கள்) 3,000 ஆண்டுகளுக்கு முன் கட்டிய கோட்டை இது என்ற செய்தி பகிரப்பட்டு வருகிறது. இது தவறு.

படத்தில் உள்ளவை இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில், செயின்ட் ஜஸ்ட் ஊருக்கு அருகிலுள்ள போட்டாலக் செம்பு, வெள்ளீயச் சுரங்கத்தின் நீராவி எந்திரக் கூடங்கள். 19ஆம் நூற்றாண்டில் எழுந்தவை. அட்லாண்டிக் கடலின் தரைக்கும் கீழே நீண்டு சென்ற சுரங்க வழிகளில் ஊறிய நீரை இறைப்பதற்காகக் கீழ்க் கூடமும், கடலுக்கடியில் சாய்வாக இறங்கிய குழியிலிருந்து தாதுவை மேலே இழுப்பதற்காக மேல் கூடமும் கட்டப்பட்டன. காவற்கோபுரம் என்று காட்டப்படுவது கொதிகலனின் புகைபோக்கிதான். அதன் உச்சிப் பகுதி செங்கல்லால் ஆனது என்பதைப் படத்தைப் பெரிதாக்கினாலே காணலாம். 1863இல் அந்தச் சாய்குழியில் ஆட்களை ஏற்றி வந்த வண்டியின் சங்கிலி அறுந்து எட்டு ஆண்களும் ஒரு சிறுவனும் உயிரிழந்தனர். அதற்கு இரண்டே ஆண்டுகளில் வேல்ஸ் இளவரசரும் அவருடைய மனைவியும் அதே குழிக்குள் இறங்கிப் பார்த்தனர்.

செய்தியில் ஓர் இழை உண்மை இல்லாமல் இல்லை. இஸ்ரேல் கடற்கரையோரம் கிடைத்த வெண்கலக் கால வெள்ளீயக் கட்டிகள் கார்ன்வால் பக்கத்திலிருந்து சென்றிருக்கக்கூடும் என்று ஐசோடோப்பு ஆய்வு (உலோகத்திலுள்ள வெவ்வேறு எடை கொண்ட அணுக்களின் விகிதத்தை வைத்து அது எங்கிருந்து வந்தது என ஊகிக்கும் முறை) காட்டுகிறது. ஆனால், சரக்கு பல கைகள் மாறியும் போயிருக்கலாம் என்பதால், ஃபினீசியரே அங்கு வந்தனர் என்பதற்கு அது சான்றாகாது. அவர்கள் குடியிருந்த தடயம் எதுவும் கார்ன்வாலில் கிடைக்கவில்லை. 2006இல் யுனெஸ்கோ இப்பகுதியை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்ததும் 1700 முதல் 1914 வரையிலான சுரங்கத் தொழிலின் எச்சங்களுக்காகவே.