தொலைக்காட்சி யாருக்காக ஓடுகிறது?

இரண்டு வயது நிறையாத குழந்தையைத் தொலைக்காட்சி பார்க்க விடலாமா என்ற கேள்வி, சென்ற ஆடி மாதம் எங்கள் வீட்டில் ஒரு சிறு சண்டையாகவே வெடித்தது. மகளும் மருமகனும் வேலைக்குப் போனபின் பேரனைப் பகல் முழுவதும் பார்த்துக்கொள்வது நானும் என் மனைவியும்தான். அவனுக்கு அப்போது 20 மாதம். அன்று வழக்கத்தைவிட முன்னதாக வீடு திரும்பிய மகள், கூடத்தில் செய்தி அலறிக்கொண்டிருப்பதையும், பாதி மென்ற இட்லியை வாயில் அடக்கியபடி அவன் அதன் முன் அசையாமல் உட்கார்ந்திருப்பதையும் கண்டு, "அப்பா, இவனுக்கு டிவி காட்டாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது?" என்றாள். "அவன் எங்கேம்மா பார்க்கிறான், நான்தான் செய்தி பார்க்கிறேன்" என்றேன். அப்போது அந்தப் பதில் எனக்கு மிக நியாயமாகப் பட்டது.

மருத்துவர்கள் இதில் நம்மைக் குழப்பவில்லை. அமெரிக்கக் குழந்தைநல மருத்துவக் கழகம் 1999ஆம் ஆண்டிலேயே இரண்டு வயதுக்குள் தொலைக்காட்சி வேண்டாம் என்றது. 2016இல் அதைச் சற்றே தளர்த்தி, 18 மாதம் வரை காணொளி அழைப்பைத் தவிர வேறு திரை வேண்டாம் என்றும், 2 முதல் 5 வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்றும் திருத்தியது. உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னதும், நம் இந்தியக் குழந்தைநல மருத்துவர்கள் சங்கம் அதற்குப் பின் சொன்னதும் ஏறக்குறைய இதுவேதான். பிரான்சோ 2008இலேயே, மூன்று வயதுக்குட்பட்டவர்களுக்கென்று நிகழ்ச்சிகளை விளம்பரப்படுத்தக் கூடாது என்று தன் நாட்டுத் தொலைக்காட்சிகளுக்குத் தடை போட்டுவிட்டது. ஆனால் "கூடாது" என்று சொன்னால் என் போன்ற கிழவர்களுக்கு ஏறுவதில்லை. ஏன் கூடாது என்று தெரிய வேண்டியிருந்தது.

அதற்காகத் தேடிப் படித்தவற்றில் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது, வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் பேட்ரிசியா குல் 2003இல் வெளியிட்ட ஆய்வு. ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளோடு சீனமொழி பேசுபவர் ஒருவர் தரையில் அமர்ந்து, பொம்மை காட்டி, புத்தகம் படித்து விளையாடினார். இப்படிப் பன்னிரண்டு முறை நடந்தபின், அம்மொழியின் ஒலிகளை அக்குழந்தைகள் நன்றாகப் பிரித்தறிந்தன. அதே மனிதர் அதே புத்தகங்களைப் படிப்பதைத் திரையில் பார்த்த மற்ற குழந்தைகளோ எதையும் கற்கவில்லை. குரலும் ஒன்று, முகமும் ஒன்று. குழந்தை கண்ணைத் திருப்பினால் தானும் திரும்பி, அது சிரித்தால் தானும் சிரிக்கும் ஓர் ஆள் மட்டும் திரையில் இல்லை. காணொளி அழைப்பில் பாட்டியைப் பார்ப்பதற்கு மட்டும் விலக்கு கொடுத்ததன் பொருள் அப்போதுதான் விளங்கியது. அங்கே பாட்டி பதில் சொல்கிறாள்.

"அவன் பார்க்கவில்லை" என்ற என் வாதத்தை உடைத்தது இன்னோர் ஆய்வு. குழந்தைகளின் உடையில் சிறு ஒலிப்பதிவுக் கருவியை வைத்து நாள் முழுவதும் பதிந்த அந்த 2009ஆம் ஆண்டு ஆய்வில், காதில் விழும்படி தொலைக்காட்சி ஓடிய ஒவ்வொரு மணி நேரத்துக்கும் குழந்தை கேட்ட பெரியவர்களின் சொற்கள் ஏறத்தாழ 770 குறைந்திருந்தன. குழந்தை திரையைப் பார்த்ததா என்பது இங்கே பேச்சே இல்லை. நாம் வாயடைத்துப் போகிறோம் என்பதுதான் செய்தி. காலையில் இரண்டு மணி நேரம் எனக்குச் செய்தி, மாலையில் மூன்று மணி நேரம் மனைவிக்குத் தொடர்கள் என்று கணக்குப் போட்டுப் பார்த்தபோது, பேரனுக்குச் சேரவேண்டிய பேச்சை நாங்கள் இருவரும் எவ்வளவு விழுங்கியிருக்கிறோம் என்பதை எண்ணவே கூச்சமாக இருந்தது.

சோறூட்டும் விஷயத்துக்கு வருகிறேன். நிலாவைக் காட்டி ஊட்டியதும் கவனத்தைத் திருப்பும் வித்தைதானே என்று என் மனைவி கேட்டாள். உண்மைதான். ஆனால் நிலா பேசாது. அதனால் கதை முழுவதையும் ஊட்டுபவள்தான் சொல்ல வேண்டியிருந்தது. அவள் நிறுத்தினால் குழந்தையும் வாயை மூடியது. தொலைக்காட்சியோ ஊட்டுபவளின் வாயை மூடிவிட்டுக் குழந்தையின் வாயைத் திறந்து வைக்கிறது. உள்ளே போவது இட்லியா உப்புமாவா, வயிறு நிறைந்ததா இல்லையா என்று அறியாமலே விழுங்கும் பழக்கம் அங்கே தொடங்குகிறது.

இதை எழுதும்போதே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். தொலைக்காட்சி பார்த்தால் ஆட்டிசம் வரும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்திகளை நான் நம்பவில்லை. அதற்குப் பரம்பரைக் கூறுகள் உட்பட வேறு காரணங்கள் இருக்க, ஏற்கெனவே நொந்து போயிருக்கும் தாயைக் குற்றவாளியாக்குவது கொடுமை. இரண்டு வயதில் இரு சொற்களைச் சேர்த்துப் பேசாத குழந்தைக்கு முதலில் செவித்திறனைச் சோதித்து மருத்துவரிடம் காட்ட வேண்டுமே தவிர, டிவியை அணைத்துவிட்டுக் காத்திருக்கக் கூடாது.

ஒற்றைப் படுக்கையறை வீட்டில், உதவிக்கு ஆளின்றி, அடுப்பில் குழம்பு கொதிக்கையில் பத்து நிமிடம் பாட்டுப் போட்டுவிட்டு ஓடும் பெண்ணிடம் நான் எந்த ஆய்வையும் நீட்ட மாட்டேன். குழந்தையை ஒரு நாள் முழுக்க இடுப்பில் சுமக்காத ஆண்கள்தான் இதைப் பற்றி அதிகம் உபதேசிக்கிறார்கள்; இந்தப் பதிவையும் அதில் சேர்த்துக்கொள்ளலாம். மூன்று வயதுக்கு மேல், நிதானமாக நகரும் நல்ல நிகழ்ச்சியை யாராவது பக்கத்தில் அமர்ந்து பேசியபடி அரைமணி நேரம் காட்டுவதிலும் எனக்கு ஆட்சேபம் இல்லை.

"நாங்களெல்லாம் டிவி பார்த்து வளரவில்லையா?" என்பவர்களுக்கு: சென்னையில் தூர்தர்ஷன் வந்தது 1975இல். தெருவுக்கு ஒரு பெட்டி, மாலையில் சில மணி நேரம், வெள்ளிக்கிழமை இரவில் அரைமணிப் பாட்டு, அதையும் இருபது பேர் கூடி வம்பளந்துகொண்டே பார்த்தோம். இன்று கூடத்தில் எந்நேரமும் ஓடுவதை அதனோடு ஒப்பிட முடியாது.

எங்கள் வீட்டில் இப்போது பகலில் டிவி இல்லை. நான் செய்தித்தாளுக்குத் திரும்பிவிட்டேன். மனைவி தன் தொடர்களை, அவன் ஒன்பது மணிக்குத் தூங்கியபின் கைப்பேசியில் பார்க்கிறாள். முதல் வாரம் அவன் ரிமோட்டைத் தூக்கிவந்து என் மடியில் வைத்து அழுதான். பிறகு பால்கனிக் கம்பியில் வரும் காக்கையோடு சமாதானமாகிவிட்டான். கிரிக்கெட் நடக்கும் நாள்களில் மட்டும் நான் படுக்கையறைக் கதவைத் தாழிட்டு, ஒலியை அடக்கி, கைப்பேசியில் ஆட்டம் பார்க்கிறேன். சென்ற ஞாயிற்றுக்கிழமை கடைசி ஓவரில் கதவைத் தட்டினான்.