வைகாசித் தேரும் பண்ருட்டிப் பலாவும்

கோடை விடுமுறைக்கு உறவினர்கள் கூட்டமாக வந்து தங்கும் வழக்கம் அருகியதற்குக் கைப்பேசியே காரணம் என்று நான் படித்த கட்டுரை ஒன்றில் அதன் ஆசிரியர் எழுதியிருப்பதை என்னால் முழுமையாக ஏற்க இயலவில்லை. பாய் விரிக்க மொட்டை மாடி இல்லாமல் போனதும் ஒரு காரணம்தான். கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருந்த எங்கள் வீட்டுக்குப் பாடலீசுவரர் கோயில் வைகாசித் தேரை ஒட்டிப் பதினைந்து பேராவது வந்துவிடுவார்கள். இருப்புப்பாதை அகலமாவதற்கு முந்தைய காலமாதலால், மாயவரத்துப் பெரியம்மா குடும்பம் மீட்டர் கேஜ் வண்டியில் திருப்பாதிரிப்புலியூரில் வந்து இறங்கும். பண்ருட்டி மாமாவோ, முழுப் பலாப்பழம் ஒன்றைக் கோணியில் கட்டிப் பேருந்தில் கொண்டுவருவார். அதை அறுக்கும் உரிமையை அவர் எவருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. கத்தியிலும் முழங்கை வரையிலும் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு, பிளந்ததும் நடுத்தண்டில் ஊறும் பாலைப் பழந்துணியால் துடைத்துவிட்டு, வட்டமாக அமர்ந்திருக்கும் எங்கள் கைகளில் சுளைகளை வரிசையாகப் போடுவார். (எனக்கு எப்போதும் சிறிய சுளையே வந்தது என்பது என் நினைவு, என் தங்கையும் தன்னைப் பற்றி அதையேதான் சொல்கிறாள்.) கொட்டைகளை அம்மா சாம்பலில் புரட்டி உலர்த்தி, ஊர் திரும்பும் நாளில் பெரியம்மாவின் பையில், அவர் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, அடியில் திணித்துவிடுவார்.