தஞ்சாவூர்க்காரன் டல்ஹௌசிக்கு எதுக்குப் போகணும்?

சித்தப்பா மகன் போன வாரம் வாட்ஸப்பில் ஒரு பிடிஎஃப் அனுப்பினான். கல்யாணமாகி மூன்று மாதம் ஆகிறது. "அண்ணே, வடக்க நீங்கதான் நிறைய சுத்துனவரு, பாத்து ஒரு வார்த்தை சொல்லுங்க" என்று கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ்.

பத்து நாள், எட்டு ஊர். டெல்லி, ஆக்ரா, ஜெய்ப்பூர், சிம்லா, குலு, மணாலி, டல்ஹௌசி, அமிர்தசரஸ். ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். விழித்திருக்கும் நேரத்தில் பாதிக்கு மேல் டெம்போ டிராவலருக்குள்ளேயே கழிகிறது. மணாலியிலிருந்து டல்ஹௌசிக்கு "காலை உணவுக்குப் பின் புறப்பாடு" என்று ஒரே வரி. அந்த ஒரு வரி மலைப்பாதையில் ஒரு முழுப் பகல்.

போன் போட்டேன்.

"டல்ஹௌசி எதுக்குடா?"

"அது ஹனிமூன் ஸ்பாட்டுண்ணே. எல்லாரும் போறாங்க."

"நீ எந்த ஊருடா?"

"என்னண்ணே... தஞ்சாவூரு."

"அப்ப நீ அங்க போகவே கூடாது."

விளையாட்டுக்குத்தான் சொன்னேன். ஆனால் பாதி விளையாட்டு. டல்ஹௌசி பிரபு யார் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். வாரிசு இழப்புக் கொள்கை, ஐந்து மதிப்பெண் கேள்வி. சதாரா, ஜான்சி, நாக்பூர் என்று ஒப்பித்திருப்போம். நம் ஊர் அந்தப் பட்டியலில் ஒட்டாமல் போய்விடும். 1855-ல் தஞ்சை மராட்டிய அரசர் சிவாஜி ஆண் வாரிசு இல்லாமல் இறந்தார். கோட்டையும் பட்டமும் மட்டுமே மிஞ்சியிருந்த அரசு அது. நிர்வாகத்தை 1799-லேயே கம்பெனி வாங்கிக்கொண்டது. மிஞ்சியிருந்த பட்டமும் அப்போது போனது. அரண்மனைச் சொத்துக்கு முத்திரை வைத்தார்கள். ராணி காமாட்சி பாய் வழக்குப் போட்டு சென்னையில் ஜெயித்தார். 1859-ல் அன்றைய கடைசி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில், இது அரசின் செயல், இதில் நீதிமன்றம் தலையிட முடியாது என்று தள்ளிவிட்டது. இதெல்லாம் தொடங்கியபோது கவர்னர் ஜெனரல் யாரோ, அவர் பெயர் வைத்த மலைக்குத்தான் என் தம்பி மூட்டை கட்டுகிறான்.

ஊர்ப் பெயரை மாற்று என்று கொடி பிடிக்கிற ஆள் இல்லை நான். பெயர் இருந்துவிட்டுப் போகட்டும். எனக்குப் பிரச்சினை வேறு.

1850-களில் இமாச்சல மலையில் இருக்கும் சம்பாவின் ராஜாவிடமிருந்து ஐந்து குன்றுகளை வாங்கி, பதிலுக்கு அவர் கட்டும் கப்பத்தில் கொஞ்சம் தள்ளுபடி கொடுத்து வெள்ளைக்காரர்கள் அமைத்த ஊர் டல்ஹௌசி. நோயிலிருந்து தேறும் சிப்பாய்க்குக் குளிர்ந்த காற்று வேண்டும், துரைசானிக்கு மாலையில் நடக்க ஒரு மால் ரோடு வேண்டும், ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு சர்ச் வேண்டும். இமயமலையில் பாதி ஹில் ஸ்டேஷன்கள் இந்த மூன்று தேவையிலிருந்து பிறந்தவை. சிம்லா, முசௌரி, நைனிடால் எல்லாம் ஒரே அச்சு. ஊட்டி பார்த்தவருக்கு அங்கே வித்தியாசம் தெரிவது தேவதாரு மரத்தில்தான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இவர்கள் ஊர் கட்டியது மலை முகட்டில், சுமார் 2,000 மீட்டரில். காற்று உண்டு, ஆறு இல்லை. பழைய மலை ராஜாக்கள் தலைநகர் கட்டியது ஆற்றை ஒட்டிய மேட்டில், வயலும் நீரும் இருக்கிற இடத்தில். சம்பாவும் மண்டியும் அப்படித்தான். 2018 மே மாதம் சிம்லாவில் குழாய் காய்ந்தபோது, "தயவுசெய்து சுற்றுலா வராதீர்கள்" என்று உள்ளூர்க்காரர்களே எழுதினார்கள். ஒரு சின்ன கோடைத் தலைநகராகத் திட்டமிட்ட முகட்டின் மேல் நாம் எல்லோரும் ஒரே மே மாதத்தில் ஏறி நின்றால் வேறென்ன ஆகும்? சிம்லாவை வையவில்லை. கால்காவிலிருந்து போகும் சின்ன ரயிலுக்காகவே ஒரு தடவை போகலாம். 1903-ல் ஓட ஆரம்பித்தது, 96 கிலோமீட்டர், நூற்றுச் சொச்சம் குகைகள். ரயிலை விட்டு இறங்கியதும் அடுத்த ரயிலில் திரும்பிவிட்டாலும் நஷ்டமில்லை என்பது என் சொந்தக் கருத்து. அடிக்க வராதீர்கள்.

சரி, தம்பிக்கு நான் சொன்னது இதுதான்: எட்டு ஊரை அடித்துவிட்டு இரண்டரை ஊர் வைத்துக்கொள். சமவெளியில் அமிர்தசரஸ், மலையில் சம்பா, அந்த அரை ஊர் பர்மோர். மூன்றையும் ஒரே ஆறு கோக்கிறது. ராவி.

அமிர்தசரஸில் எல்லோரும் ஒரு நாள் போடுகிறார்கள். காலையில் கோயில், மதியம் ஜாலியன்வாலா பாக், நாலு மணிக்கு அட்டாரி எல்லையில் காலை உதறும் அணிவகுப்பு. எல்லையை நான் விட்டுவிடுவேன். கிரிக்கெட் மைதானம் மாதிரி கேலரியில் உட்கார்ந்து கத்துவதற்கு என்று அவ்வளவு தூரம் போக வேண்டுமா? அந்த மாலையைப் பழைய டவுன் ஹாலில் இருக்கும் பிரிவினை அருங்காட்சியகத்துக்குக் கொடுங்கள். 2017-ல் திறந்தது. அகதிகள் எல்லை தாண்டும்போது கையில் கொண்டுவந்த சாமான்களை வைத்திருக்கிறார்கள். அங்கே யாரும் கத்துவதில்லை.

பொற்கோயிலுக்கு இரவில் போங்கள், விடியற்காலையில் இன்னொரு முறை போங்கள். நம் ஊரில் கோயில் என்றால் படி ஏறுவோம். இங்கே நான்கு பக்கமும் வாசல் வைத்து, படி இறங்கி உள்ளே போகச் செய்திருக்கிறார்கள். லங்கரில், அதாவது அங்கே நடக்கும் இலவசப் பந்தியில், சாப்பிட்டுவிட்டு எழுந்து வந்துவிடாதீர்கள். வெளியே பூண்டு உரிக்கிற இடத்தில் உட்காருங்கள், யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். ஒரு நாளைக்குப் பல்லாயிரம் பேருக்குப் பந்தி நடக்கிற இடம். நான் உரித்தது அரைக் கிலோ இருக்கும். பக்கத்திலிருந்த சர்தாரிணி அம்மா என் வேகத்தைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு, என் பங்கையும் தன் முந்தானைப் பக்கம் இழுத்துக்கொண்டார்.

ஜாலியன்வாலா பாக் பற்றி எனக்கு ஒரு ஆத்திரம் உண்டு. 1919 ஏப்ரல் 13 அன்று ஜெனரல் டயர் தன் சிப்பாய்களோடு நுழைந்தது ஒரு குறுகிய சந்து வழியாக. 1,650 தோட்டாக்கள். அரசுக் கணக்கில் 379 பேர் செத்தார்கள், காங்கிரஸ் விசாரணைக் குழு ஆயிரம் பேர் என்றது. அந்தச் சந்தின் வெறும் சுவர்தான் அந்த இடத்தின் சாட்சி. தோள் இரண்டு பக்கமும் உரசுகிற மாதிரி நடக்கும்போதே வயிற்றில் ஏதோ செய்யும். 2021 புதுப்பிப்பில் அந்தச் சுவர் முழுக்கச் சிரிக்கிற மனிதர்களின் சிலைகளைப் பதித்துவிட்டார்கள். எனக்கு முன்னால் போன குடும்பம் ஒரு சிலையின் தோளில் கை போட்டு செல்ஃபி எடுத்தது. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். செல்ஃபி எடுக்கத் தோன்றுகிற மாதிரி ஒரு சுவரை வைத்தது அவர்கள் இல்லையே.

பொற்கோயில் குளத்துக்கு வரும் நீர் ராவியிலிருந்து வெட்டிய கால்வாய் நீர். அந்த நீர் எங்கிருந்து வருகிறது என்று எதிர்த்திசையில் போனால் அதுதான் பயணம். பதான்கோட் வரை ரயில், அதன்பின் சம்பாவுக்கு அரசுப் பேருந்தில் சுமார் 120 கிலோமீட்டர், ஐந்து மணி நேரம். வழியில் சமேரா அணையின் பச்சை ஏரி. ராவியின் மேல் சமேரா என்ற பெயரிலேயே மூன்று நீர்மின் நிலையங்கள். ஆறு சில இடங்களில் ஓடை மாதிரி இளைத்துத் தெரிந்தால் மிச்சம் குகைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

சம்பாவை சாகில் வர்மன் என்ற ராஜா ஏறக்குறைய 920-ல் தலைநகராக்கினார். நம் பக்கம் பராந்தகச் சோழன் ஆண்டுகொண்டிருந்த காலம். மகள் சம்பாவதியின் பெயரால் ஊர் என்பார்கள். நடுவில் சௌகான் என்ற பெரிய புல்வெளி. சாயங்காலம் ஊரே அங்கேதான். அதற்கு மேலே லட்சுமி நாராயணர் கோயில் வளாகத்தில் வரிசையாக ஆறு கற்கோயில்கள், மூன்று பெருமாளுக்கு, மூன்று சிவனுக்கு. கல் விமானத்தின் தலையில் மரத்தால் குடை மாதிரி கூரை போட்டிருக்கிறார்கள், பனி வழிந்து இறங்க. கோபுரம் பார்த்தே வளர்ந்த கண்ணுக்கு அந்த மரக்குடை முதலில் ஒட்டாது. அரை மணி நேரம் உட்கார்ந்தால் ஒட்டிவிடும்.

ஊருக்குத் தண்ணீர் வந்த கதையை அங்கே எல்லோரும் சொல்வார்கள். வாய்க்கால் வெட்டியும் நீர் ஏறவில்லை. அரச குடும்பத்தில் ஒரு பலி வேண்டும் என்று கனவு. சாகில் வர்மனின் ராணி தானே போய்க் குழிக்குள் நின்றாள், மண் மூடியது, நீர் வந்தது. சூஹி மாதா என்று படிக்கட்டு ஏறிப் போகும் சின்னக் கோயில். சித்திரையை ஒட்டி நடக்கும் அவள் திருவிழா பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் மட்டும். ஏரிக்கரை உடையாமல் இருக்கப் பலியான பெண்களைச் சாமியாக்கிக் கும்பிடுகிற ஊர்க்காரர்கள் நாம். இந்தக் கதையை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ராஜா ஏன் குழிக்குள் போகவில்லை என்று என் மனைவி கேட்டாள். பூசாரி சிரித்தார், பதில் சொல்லவில்லை.

பூரி சிங் அருங்காட்சியகத்தைத் தவறவிடாதீர்கள், 1908-ல் தொடங்கியது. எல்லோரும் சம்பா ருமால் பார்க்கப் போவார்கள். கைக்குட்டை அளவிலிருந்து மேசைவிரிப்பு அளவு வரை துணி. முறுக்காத பட்டு நூலில், இரண்டு பக்கமும் ஒரே படம் வருகிற தையல். முடிச்சு எங்கே என்று திருப்பித் திருப்பித் தேடலாம், கிடைக்காது. பாரதப் போர் தைத்த ஒரு பெரிய துணியை 1883-ல் ராஜா பிரிட்டிஷாருக்கு அன்பளிப்பாகக் கொடுத்தார், அது இப்போது லண்டனில் ஓர் அருங்காட்சியகத்தில். எனக்கு அதைவிடப் பிடித்தது ஊற்றுக் கற்கள். இறந்தவர் நினைவாக ஊற்று வாயில் ஒரு பெரிய கற்பலகையை நட்டு, வருணனையும் நதித் தேவதைகளையும் செதுக்கி, சாரதா என்ற பழைய வடநாட்டு எழுத்தில் பொறித்திருக்கிறார்கள். நம் நடுகல் மாதிரிதான். ஆனால் செத்தவர் பெயரால் வழிப்போக்கனுக்குத் தண்ணீர் கிடைக்கிறது.

ஆடியில் போனால் மிஞ்சர் திருவிழா. சோளக் குஞ்சம் மாதிரி பட்டு நூல் குஞ்சம் செய்து சட்டையில் குத்திக்கொள்வார்கள், கடைசி நாள் ராவியில் விடுவார்கள். சாமிக்கு முதல் மிஞ்சரைச் செய்து கொடுப்பது தலைமுறை தலைமுறையாக ஒரு முஸ்லிம் குடும்பம். இதே ராவிதான் கீழே இறங்கி எல்லை தாண்டி லாகூருக்குப் போகிறது, 1960 இந்திய-பாகிஸ்தான் நதிநீர் ஒப்பந்தமும் அணைகளும் விட்டுவைத்த அளவுக்கு.

ஆனால் மழைக்காலத்தில் போங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். 2025 ஆகஸ்டில் மணிமகேஷ் யாத்திரை போனவர்கள் ஆயிரக்கணக்கில் சாலை துண்டாகி பர்மோர் பக்கம் சிக்கிக்கொண்டார்கள். ஏப்ரல் அல்லது அக்டோபர் நல்லது. இன்னொரு உண்மையையும் சொல்லிவிடுகிறேன்: சம்பா சுமார் 1,000 மீட்டர்தான். ஜூனில் வியர்க்கும். ஸ்வெட்டர் போட்டு போட்டோ எடுக்கிறவர்கள் ஏமாந்துபோவார்கள்.

குளிர் வேண்டுமென்றால் பர்மோர். அறுபது சொச்சம் கிலோமீட்டர், வயிற்றைப் புரட்டும் சாலை. சம்பாவுக்கு முந்தைய தலைநகர். ஒரு முற்றத்தில் சௌராசி, அதாவது எண்பத்து நான்கு கோயில்கள் என்பார்கள். எண்ணிப் பார்க்காதீர்கள். லட்சணா தேவி கோயில் மட்டும் போதும். வெளியே ஓட்டு வீடு மாதிரி இருக்கும், உள்ளே 7-ஆம் நூற்றாண்டின் மரச் செதுக்கல். மாமல்லபுரத்தில் கல்லைக் குடைந்த அதே நூற்றாண்டு. அம்மன் உலோகச் சிலையின் பீடத்தில், மேரு வர்மன் ஆணைப்படி இதைச் செய்தவன் குக்கா என்று வெட்டியிருக்கிறது. பெரிய கோயில் கல்வெட்டில் பெருந்தச்சன் குஞ்சரமல்லன் பெயர் இருக்கிறது என்று ஊர் ஊராகப் பீற்றிக்கொள்கிற ஆள் நான். அதற்கு முந்நூறு ஆண்டு முன்னால், பனிக்குள் ஒரு கிராமத்தில், ஒரு கருமான் தன் பெயரை விட்டுப் போயிருக்கிறான்.

டல்ஹௌசிக்காக ஒரு வார்த்தை, நியாயமாக. அங்கே பஞ்ச்புலாவில் பகத் சிங்கின் சித்தப்பா அஜித் சிங்கின் சமாதி இருக்கிறது. பல வருடம் நாடு கடந்து வாழ்ந்துவிட்டுத் திரும்பியவர், 1947 ஆகஸ்ட் 15 விடிகாலையில் அந்த ஊரில்தான் இறந்தார். அதற்காகப் போகலாம். கஜ்ஜியாரில் 1992-ல் நட்ட "மினி சுவிட்சர்லாந்து" பலகைக்காகப் போக வேண்டாம். அந்தப் புல்வெளி ஓரத்தில் பழைய மரக்கோயில் ஒன்று நாகருக்கு இருக்கிறது. குதிரை மேல் உட்கார்ந்தவர்கள் யாரும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை.

தம்பி நேற்று மறுபடி கூப்பிட்டான். புது மருமகள் பின்னாலிருந்து ஏதோ கேட்கச் சொல்கிறாள்.

"அண்ணே, சம்பால சாப்பாடு எப்படி?"

ராஜ்மாவைத் தயிரிலும் நெய்யிலும் போட்டு மத்ரா என்று வைப்பார்கள், கூடவே சுக் என்று ஒரு மிளகாய்த் தொக்கு, அதை ஒரு பாட்டில் எனக்கு வாங்கி வா என்றேன். பேருந்தில் ஒன்றை மட்டும் கவனிக்கச் சொன்னேன். பனிகேத் என்று ஒரு கூட்டுரோடு வரும். டல்ஹௌசிக்குப் போகிறவர்கள் எல்லோரும் பெட்டியை இழுத்துக்கொண்டு இறங்குவார்கள், பாதி வண்டி காலியாகும். நீ உட்கார்ந்தே இரு. ஜன்னல் சீட் கிடைக்கும்.