காய்ந்துகொண்டிருக்கும் சுவர்

ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக் கூடத்தில் நடந்ததை உங்களில் பலர் நேரில் பார்த்தீர்கள். பார்க்காதவர்களும் அன்று இரவுக்குள் கேள்விப்பட்டிருப்பீர்கள் என்பதால் அதை முதலிலிருந்து சொல்லப் போவதில்லை. "ஏம்மா, ஒரு டப்பா பெயின்ட் வாங்கக்கூடவா காசு இல்லை?" என்று, பூச்சு கொத்தப்பட்டு நிற்கும் எங்கள் கூடத்துச் சுவரைப் பார்த்து, வந்திருந்த பெரியவர் ஒருவர் இருபது பேர் முன்னிலையில் என்னிடம் கேட்டார். அறை முழுவதும் சிரித்தது. நானும் ஏதோ சிரித்து வைத்தேன். இரண்டு நாளாக அந்தச் சிரிப்பு என்னை உறுத்திக்கொண்டே இருப்பதால் அன்று சொல்லாத பதிலை இன்று எழுதுகிறேன்.

காசு இருக்கிறது. அந்தச் சுவருக்கு மூன்று முறை பெயின்ட் அடித்தும் இருக்கிறோம். நான்காவது முறை அடிக்காமல் நிறுத்தி வைத்திருப்பதுதான் நான் இப்போது செய்துகொண்டிருக்கும் வேலை. இடுப்புயரத்துக்குப் பூச்சு கொத்தப்பட்டுச் செங்கல் தெரிய நிற்கும் அந்தச் சுவர் பணமில்லாமல் பாதியில் விடப்பட்டதன்று. காய்வதற்காகத் திறந்து வைக்கப்பட்டிருக்கிறது.

இந்த வீட்டுக்கு நாங்கள் வந்த முதல் ஆண்டே அந்தச் சுவரின் அடிப்பகுதியில் பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. ஆள் வந்தார், சுரண்டினார், பட்டி பார்த்தார், ஈரத்தைத் தடுக்கும் என்று சொல்லி ஒரு பூச்சும் அதன்மேல் பெயின்டும் அடித்துவிட்டுப் போனார். அடுத்த ஆண்டு கொப்புளம் ஒரு சாண் மேலே ஏறியிருந்தது. மறுபடியும் ஆள், மறுபடியும் செலவு. மூன்றாவது முறை சுரண்டியபோது பெயின்டோடு சிமெண்டுப் பூச்சும் பாளம் பாளமாகக் கையோடு வந்தது. அதன் பின்னால் இருந்த செங்கல்லின் முகம் விரலால் தொட்டாலே மாவாக உதிர்ந்தது. மூன்று முறை செலவழித்து நாங்கள் வாங்கியது அந்தச் செங்கல்லின் அழிவைத்தான் என்பது அன்றுதான் எனக்குப் புரிந்தது.

எங்கள் வீடு சுண்ணாம்புச் சாந்தில் கட்டப்பட்டது. போர்ட்லண்ட் சிமெண்டுக்கு ஜோசப் ஆஸ்ப்டின் 1824இல் காப்புரிமை பெற்ற பிறகும் நெடுங்காலம் உலகின் பல பகுதிகளில் சாதாரண வீடுகள் சுண்ணாம்பில்தான் எழுந்தன. சுண்ணாம்புக் கல்லை ஏறத்தாழ 900 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சுட்டால் அதிலுள்ள கரியமில வாயு வெளியேறுகிறது. சுட்டதை நீர் விட்டு நீற்றினால் பூசுவதற்கு ஏற்ற பசையாகிறது. பூசிய பின் காற்றிலிருக்கும் அதே வாயுவை உள்வாங்கி மெல்ல மெல்ல மீண்டும் கல்லாக இறுகுகிறது. அப்படி இறுகிய பூச்சு மென்மையானது, நுண்துளைகள் உள்ளது. சுவருக்குள் வரும் ஈரம் அதன் வழியாக வெளியேறிக் காற்றில் கலந்துவிடும். எங்களுக்கு முன்பு இருந்த யாரோ நல்ல எண்ணத்தோடுதான் அதைக் கொத்திவிட்டுச் சிமெண்டுப் பூச்சுப் பூசியிருக்கிறார்கள். சிமெண்டு கெட்டியானது, ஈரத்தை எளிதில் வெளியே விடாது. வெளியேற வழியில்லாத ஈரம் மேலே ஏறும். ஏறிய ஈரம் காயும் இடத்தில் அதில் கரைந்திருக்கும் உப்பு படிகமாகும். படிகமாகும் உப்பு செங்கல்லின் முகத்தை உள்ளிருந்தே உடைக்கும். இந்தப் பூச்சின்மேல் இன்னொரு டப்பா பெயின்ட் அடிப்பது, புண்ணை ஆற விடாமல் அதன்மேல் துணியை இறுக்கிக் கட்டுவதைப் போன்றது.

அப்படியானால் ஈரம் எங்கிருந்து வருகிறது? மூன்று முறை வேலை செய்தவர்களில் ஒருவரும் இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். நான்காவது முறை, பணத்தை எடுக்கும் முன் ஓர் அலுமினியத் தாளை எடுத்தேன். ஒரு முழத் துண்டாக வெட்டி, நான்கு ஓரங்களிலும் காற்றுப் புகாதபடி சுவரில் பசைநாடாவால் ஒட்டி, இரண்டு நாள் விட்டுவிட்டுப் பார்த்தேன். அறையைப் பார்த்த பக்கத்தில் துளிகள் இருந்தால் அது அறைக் காற்றின் ஈரம். சுவரைத் தொட்ட பக்கத்தில் இருந்தால் அது சுவருக்குள்ளிருந்து வருவது. எங்கள் தாளின் உட்பக்கம் முழுவதும் வியர்த்திருந்தது. அதன் பிறகு நானும் என் கணவரும் வீட்டுக்கு வெளியே அந்தச் சுவரோரம் தோண்டினோம். ஆண்டுக்காண்டு கொட்டிய மண்ணும் அதன்மேல் போட்ட தளமும் சேர்ந்து வெளித்தரை உள்தரையைவிட உயர்ந்துவிட்டிருந்தது. மொட்டை மாடியிலிருந்து இறங்கும் மழைநீர்க் குழாயோ சுவரை ஒட்டிய வளைவில் விரிசல் விட்டு, பெய்யும் மழையில் பாதியை அடித்தளத்துக்குள் இறக்கிக்கொண்டிருந்தது. குழாயின் அந்த ஒரு துண்டை மாற்றியதற்கும் மண்ணை அகற்றியதற்கும் ஆன மொத்தச் செலவு, ஒரு முறை பெயின்ட் அடித்த செலவில் கால் பங்குகூட இல்லை.

காரணத்தை அகற்றியாயிற்று. ஆனால் சுவர் இத்தனை ஆண்டுகளாகக் குடித்த நீர் ஒரே நாளில் போகாது. சுவரின் கனத்தில் அங்குலத்துக்கு ஒரு மாதம் என்பது இந்த வேலை தெரிந்தவர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு. எங்களுடையது ஒன்பது அங்குலச் சுவர்; பூச்சைக் கொத்தி எட்டு மாதம் ஆகிறது. இந்த எட்டு மாதமும் வாரம் ஒரு முறை சுவரில் பூக்கும் வெள்ளை உப்பைக் காய்ந்த தூரிகையால் கூட்டி எடுக்கிறேன். நீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடியும் உள்ளே போய்விடும் என்பதால் உலர்வாகத்தான் எடுக்க வேண்டும். முதல் மாதம் ஒரு முறை கூட்டினால் முறத்தில் ஒரு கைப்பிடி சேரும். இப்போது ஒரு சிட்டிகைதான் வருகிறது. அந்தச் சிட்டிகையைப் பார்க்கும்போது எனக்கு ஏற்படும் மகிழ்ச்சியை, சிரித்தவர்களுக்கு எப்படிச் சொல்லிப் புரியவைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

"எல்லாம் சரி, உன் நேரத்துக்கு விலை இல்லையா?" என்று சிலர் கேட்பார்கள். கேட்டும் இருக்கிறார்கள். இருக்கிறது. ஆனால் இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் நான் சமைக்கும்போதும், துவைக்கும்போதும், படுக்கையில் இருக்கும் பெரியவரைக் கவனிக்கும்போதும் என் நேரத்தின் விலையைக் கேட்டதே இல்லை. நான் இழைப்புளியைக் கையில் எடுக்கும்போது மட்டும் அவர்களுக்கு அந்த விலை நினைவுக்கு வருகிறது. என் அக்கறை முழுவதும் இந்த வீட்டின்மேல் இருக்கிறது என்பதை ஏற்றுக்கொள்வதைவிட, நான் பணத்துக்குப் பயந்து இதைச் செய்கிறேன் என்று நினைப்பது அவர்களுக்கு எளிதாக இருக்கிறது.

"இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுங்கள்" என்பது இன்னொரு அறிவுரை. இந்த வீட்டின் செங்கற்கள் ஒரு முறை சுடப்பட்டுவிட்டன, உத்தரங்களுக்கான மரங்கள் ஒரு முறை வெட்டப்பட்டுவிட்டன. இவற்றையெல்லாம் குப்பையாக்கிவிட்டு மீண்டும் சுட்டு, மீண்டும் வெட்டி, சிமெண்டு கொட்டினால்தான் நாங்கள் கௌரவமானவர்கள் என்றால் அந்தக் கௌரவம் எனக்கு வேண்டாம். உலகம் வெளியிடும் கரியமில வாயுவில் ஏறத்தாழ 8 விழுக்காடு சிமெண்டு உற்பத்தியிலிருந்து வருகிறது. பழைய கட்டடங்களைக் காப்பதற்காக 1877இல் லண்டனில் சங்கம் தொடங்கிய வில்லியம் மாரிஸ் அன்றே கேட்டுக்கொண்டது அன்றாடப் பராமரிப்பைத்தான்: ஒழுகும் கூரையைச் சரிசெய்யுங்கள், சாயும் சுவருக்கு முட்டுக் கொடுங்கள் என்றார். மழைநீர்க் குழாயின் விரிசலை நேரத்தோடு அடைத்திருந்தால் எங்களுக்கு இந்தச் சுவரே திறக்க வேண்டியிருந்திருக்காது.

பாதுகாப்பைப் பற்றிக் கேட்பவர்களை மட்டும் நான் மதிக்கிறேன். பழைய வீட்டில் எதைச் சிக்கனமாகச் செய்யக்கூடாது என்பது எனக்குத் தெரியும். ரப்பர் உறை இறுகி உதிர்ந்துபோன பழைய மின்கம்பிகள் ஒன்றைக்கூட விட்டுவைக்காமல் முழுவதுமாக, தேர்ந்த மின்பணியாளரைக் கொண்டு மாற்றினோம். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவியைப் பொருத்தினோம். எங்கள் வீட்டில் இதுவரை செய்த செலவுகளிலேயே பெரியது இதுதான். சுவருக்குள் இருப்பதால் வருகிறவர் யார் கண்ணுக்கும் அது தெரியாது. கதவுகளின் பழைய பெயின்டில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் அதை உலர்வாகத் தேய்க்காமல், நெருப்பு காட்டாமல், நனைத்து நனைத்துச் சுரண்டினேன். ஒரு கதவுக்கு இரண்டு வாரம் ஆனது. குழந்தைகளைப் பொறுத்தவரை ஈயத்தில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்று உலகச் சுகாதார நிறுவனமே சொல்கிறது. அந்த இரண்டு வாரத்தைச் சோம்பல் என்று சொன்னவரும் உண்டு.

கதவு என்றதும் என் அப்பா நினைவுக்கு வருகிறார். எனக்கு எட்டு வயதிருக்கும்போது எங்கள் சமையலறைக் கதவு தரையில் உரசி, திறக்கும்போதெல்லாம் கீச்சிடும். தச்சரைக் கூப்பிட்டுக் கதவின் அடியை இழைத்துவிடலாம் என்று அம்மா சொன்னார். அப்பா கதவின் அருகில் உட்கார்ந்து அதை மெல்லத் திறந்து மூடித் திறந்து மூடி, நெடுநேரம் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மேல் கீலின் திருகாணிகளைக் காட்டினார். அவை மரத்தைப் பிடிக்காமல் வெறுமனே சுற்றின. "கீழே உரசுது, ஆனா நோய் மேல இருக்கு" என்றார். திருகாணிகளைக் கழற்றி, மெல்லிய மரச்சிம்புகளைப் பசையில் தோய்த்துத் துளைகளில் அடைத்து, ஒரு இரவு காயவிட்டு, மறுநாள் அதே திருகாணிகளை அதே துளைகளில் இறுக்கினார். கதவு தரையைவிட்டு எழுந்து நின்றது. இழைத்திருந்தால் நல்ல கதவு ஒன்று குட்டையாகியிருக்கும், கீலும் தளர்ந்தபடியே இருந்திருக்கும். என் அப்பாவைக் கஞ்சன் என்று சொன்னவர்கள் அன்றும் இருந்தார்கள். அவர் அதற்குப் பதில் சொன்னதில்லை. சொல்லியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

கஞ்சத்தனம் என்பது தேவையான இடத்திலும் செலவு செய்ய மறுப்பது. நான் மின்கம்பிக்குக் கொடுத்தேன், குழாய்க்குக் கொடுத்தேன், நீற்றிய சுண்ணாம்புக்கு முன்பணம் கொடுத்து வைத்திருக்கிறேன். பூச்சுக்குக் கீழே ஈரத்தை வைத்துக்கொண்டு மேலே பளபளப்பாக அடிக்கும் பெயின்டுக்குத்தான் கொடுக்க மறுக்கிறேன். இதை எத்தனை முறை சொன்னாலும் "வசதி இல்லை" என்றே காதில் விழுகிறவர்களிடம், வசதி இல்லாமலேதான் செய்கிறேன் என்று வைத்துக்கொண்டாலும் அதில் சிரிப்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்கத் தோன்றுகிறது. வசதியில்லாத ஒருவர் தன் வீட்டைத் தன் கையால் சரிசெய்துகொண்டால் அது இருபது பேர் முன்னால் சொல்லிச் சிரிக்கக்கூடிய செய்தியா?

இவ்வளவு எழுதுவதற்கு உண்மையான காரணம் அந்தக் கேள்வி மட்டும் அன்று. திங்கட்கிழமை மாலை வேலை முடிந்து வீட்டுக்கு வந்தபோது, கூடத்துச் சுவரின் திறந்த பகுதி முழுவதையும் மறைத்து ஒரு படுக்கை விரிப்பு தொங்கிக்கொண்டிருந்தது. என் மகள் தோழிகளோடு படிக்கவிருந்தாள். அவர்கள் வருவதற்கு முன் இரண்டு நாற்காலிகளை நகர்த்தி, விரிப்பின் மேல் ஓரத்தை ஜன்னல் கம்பியிலும் அலமாரிக் கைப்பிடியிலும் கட்டியிருந்தாள். இந்த எட்டு மாதத்தில் அவள் ஒரு நாளும் அந்தச் சுவரைப் பார்த்து வெட்கப்பட்டதில்லை. உப்புக் கூட்டும் நாளில் முறத்தைப் பிடித்துக்கொள்பவளே அவள்தான். ஞாயிற்றுக்கிழமை சிரித்தவர்களுக்கு நடுவே அவளும் நின்றிருந்தாள் என்பதை அப்போது நான் கவனிக்கவில்லை. என் கணவர் கவனித்திருக்கிறார், ஆனாலும் வந்தவர் வயதில் பெரியவர் என்று பேசாமல் இருந்துவிட்டார். அதைப் பற்றி நாங்கள் இருவரும் பேசிக்கொண்டோம். இங்கே எழுத வேண்டியதில்லை.

துணியால் மூடினால் சுவருக்குக் காற்றுப் போகாது, காய்வது தடைப்படும் என்று அவளுக்குத் தெரியும். நான் திட்டவில்லை. தோழிகள் போகும்வரை அது தொங்கட்டும் என்று விட்டுவிட்டேன். போன பிறகு அவளே அவிழ்த்து மடித்து வைத்தாள்.

பெரியவரே, இதை நீங்கள் படிப்பீர்கள் என்று தெரியும். உங்கள்மேல் எனக்கு மரியாதை இருக்கிறது. அடுத்த முறை வரும்போது சுவர் எப்படி இருந்தாலும் தயவுசெய்து என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள். எத்தனை நேரம் ஆனாலும் விளக்கமாகச் சொல்கிறேன்.

இன்று காலை மறுபடியும் ஓர் அலுமினியத் தாளை அதே இடத்தில் ஒட்டினோம். இதற்கு முன் ஒட்டிய ஏழு தாள்களின் தேதிகளும் செங்கல்லின்மேல் பென்சிலால் வரிசையாக இருக்கின்றன. எட்டாவதை என் மகள் எழுதினாள். வியாழக்கிழமை பிரித்துப் பார்ப்போம். உட்பக்கம் காய்ந்திருந்தால் மறுவாரமே முதல் கை சுண்ணாம்பு பூசப்படும். வியர்த்திருந்தால் இன்னும் ஒரு மாதம் அந்தச் சுவர் அப்படியேதான் இருக்கும்.